புதிய டைனோசர் இனம் பற்றிய செய்தி வந்தால் மக்களின் கேள்விகளுக்கு விடை சொல்வது எப்படி?

புதிய டைனோசர் இனம் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டதாகச் செய்தி வெளியானால், நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் மார்த்தாண்டத்திலோ தக்கலையிலோ குலசேகரத்திலோ இருக்கும் அறிவியல் ஆசிரியரையும் நூலகரையும் தேடி அன்றே கேள்விகள் வரும். வியப்போடு சிலரும் சந்தேகத்தோடு சிலரும் கேட்பார்கள். சிலர் கோபத்தோடுகூடக் கேட்பார்கள். கேட்பவரைச் சிறுமைப்படுத்தாமல், அவர் உண்மையில் எதை அறிய விரும்புகிறார் என்று பார்த்து விடை சொல்ல வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

செய்தியோடு வரும் வண்ணப்படத்தைச் சற்று ஒதுக்கிவிட்டு, எந்தெந்த எலும்புகள் கிடைத்தன, அவை எந்தப் பாறை அடுக்கில் இருந்தன, எந்த ஆய்விதழில் அவை விவரிக்கப்பட்டுள்ளன என்பவற்றை முதலில் தேடிக் குறித்துக்கொள்ளுங்கள். இராஜஸ்தானின் ஜெய்சால்மர் பகுதியில் கிடைத்த தாரோசாரஸ் இண்டிகஸ் என்னும் டைனோசர் 2023-இல் அறிவிக்கப்பட்டபோது, நீண்ட கழுத்துடைய முழு விலங்கின் ஓவியமே எங்கும் பரவியது. ஆய்வாளர்களின் கையில் இருந்தவையோ ஏறத்தாழ 16 கோடியே 70 லட்சம் ஆண்டுகள் பழமையான கழுத்து, முதுகு, வால் எலும்புகளின் பகுதிகள்தாம். "அப்படியானால் படம் பொய்யா?" என்று மாணவர் கேட்டால், எலும்பு கிடைத்த இடங்களை ஒரு நிறத்திலும் பிற நாடுகளில் கிடைத்த உறவினங்களைக் கொண்டு நிரப்பிய இடங்களை வேறொரு நிறத்திலும் கரும்பலகையில் வரைந்து காட்டுங்கள். எது சான்று, எது சான்றிலிருந்து செய்த ஊகம் என்பது அந்தப் படத்திலேயே விளங்கிவிடும்.

"உலகிலேயே மிகப் பெரியது" என்று தலைப்பு வந்தால் இன்னும் கவனம் தேவை. இதற்கு நம் தமிழ்நாட்டிலேயே எடுத்துக்காட்டு உண்டு. அரியலூர்ப் பகுதியிலுள்ள கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளுக்கு 1980-களின் இறுதியில் ப்ருஹத்காயோசாரஸ் என்று பெயரிட்டார்கள். முதலில் ஊனுண்ணியாகக் கருதப்பட்ட அது, பின்னர் நீண்ட கழுத்துடைய தாவர உண்ணியாகக் கருதப்பட்டது. மூல எலும்புகள் சிதைந்து அழிந்துபோனதால், வரைபடங்களையும் பழைய புகைப்படங்களையும் கொண்டே இன்றும் அதன் அளவை விவாதிக்கிறார்கள். தமிழ் மண்ணில் அத்தகைய விலங்கு வாழ்ந்தது என்று பெருமைப்படுவதில் தவறில்லை; ஆனால் எடையைச் சொல்லும்போது, அளந்து பார்க்க இன்று எலும்பு இல்லை என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். புதிய பெயருக்கு அடிப்படையாகும் மாதிரியைப் பிறரும் ஆராயக்கூடிய இடத்தில் பாதுகாக்க வேண்டும் என்று அறிவியலாளர்கள் ஏன் வற்புறுத்துகிறார்கள் என்பதையும் இதைக் கொண்டே விளக்கலாம்.

நம் மாவட்டத்தில் தவறாமல் எழும் கேள்வி, "இங்கே ஏன் கிடைக்கவில்லை?" என்பது. இதற்கு மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலையே கையில் எடுத்து விடை சொல்லலாம். அந்த மணலில் கலந்துள்ள சிவந்த கார்னெட் என்னும் கனிமத் துகள்கள், பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய பாறைகளிலிருந்து வந்தவை. நம் குன்றுகளிலும் கல்குவாரிகளிலும் காணப்படும் சார்னோகைட், கொண்டலைட் என்னும் பாறைகள் அவ்வாறு உருமாறி 50 கோடி ஆண்டுகளுக்கு மேலாகின்றன. டைனோசர்களோ சுமார் 23 கோடி ஆண்டுகளுக்கு முன்னர்தான் தோன்றின. ஆகவே, டைனோசர்கள் இப்பகுதியில் நடமாடியிருந்தாலும் அவற்றின் எலும்புகளை அந்தப் பாறைகளில் தேடிப் பயனில்லை. அரியலூரில் இருப்பது போல, அக்காலத்தில் படிந்து இறுகிய படிவுப்பாறைதான் எலும்பைக் காக்கும். மாணவர்கள் முட்டம் கடற்கரைக்குச் செல்லும் நாளில் ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கொடுத்து அனுப்பினால், இந்த விளக்கத்தை அவர்களே மணலில் சரிபார்த்துக்கொள்வார்கள்.

இதை ஒட்டியே குமரிக்கண்டம் பற்றிய பேச்சும் எழும். அதை எள்ளி நகையாடுவது முறையன்று. கடல்கொண்ட நிலம் பற்றிய தமிழ் மரபு மனிதர்களின் நினைவைச் சார்ந்தது; பறவைகள் நீங்கலான டைனோசர்கள் மறைந்து 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகள் ஆகிவிட்டன; நம் மனித இனம் தோன்றி ஏறத்தாழ 3 லட்சம் ஆண்டுகளே ஆகின்றன. இந்த இரண்டு கால அளவுகளையும் ஒரே கோட்டில் வரைந்து காட்டினால் போதும். மடகாஸ்கரும் இந்தியாவும் ஒன்றாயிருந்து பிரிந்ததும், குஜராத்தில் கிடைத்த ராஜாசாரஸ் என்னும் டைனோசருக்கு மடகாஸ்கரில் நெருங்கிய உறவினம் இருந்ததும் அதே அளவுக்குச் சுவையான செய்திகள்; அவற்றையும் சொல்லுங்கள்.

சமய நம்பிக்கையை முன்வைத்துக் கேட்பவரிடம் வாதிட வேண்டியதில்லை. பாறையின் வயதை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பதை மட்டும் பொறுமையாக விளக்கினால் போதும்.

இத்தகைய செய்தி வந்த சில நாட்களில், உருண்டைக் கல்லை எடுத்துக்கொண்டு "இது முட்டையா?" என்று யாரேனும் வருவதும் இயல்பே. 2020-இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் டைனோசர் முட்டைகள் கிடைத்ததாகச் செய்தி பரவியபோது, அவை அம்மோனைட் என்னும் பழங்கடல் உயிரி சார்ந்த படிவுகள் என்று வல்லுநர்கள் தெளிவுபடுத்தினார்கள். கல்லைக் கொண்டுவந்தவரிடம் அதை உடைக்க வேண்டாம் என்று முதலில் சொல்லுங்கள். அருகில் ஓர் அளவுகோலை வைத்துப் பல கோணங்களில் படம் எடுத்து, கிடைத்த இடத்தையும் ஆழத்தையும் எழுதி, அருகிலுள்ள கல்லூரியின் நிலவியல் பேராசிரியருக்கோ இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்கோ அனுப்புங்கள். விடை வரும்வரை அந்தப் படத்தை வாட்ஸ்அப் குழுக்களில் பகிராமல் இருக்கும்படி அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வந்த விடை எதுவாயினும் அதை அவரிடம் நேரில் தெரிவியுங்கள்.