வெறுங்காலா, ஷூவா? எந்தப் பயிற்சிக்கு எது

தரையில் கிடக்கும் எடைக் கம்பியை இடுப்புவரை தூக்கும் டெட்லிஃப்டுக்கு வெறுங்கால் நல்லது. அதே காலோடு டிரெட்மில்லில் ஏறி ஓடினால் உள்ளங்கால் கொப்புளித்துவிடும். இரண்டுமே ஒரே ஜிம்மில், ஒரே நாளில் செய்கிற பயிற்சிகள்தான். அதனால் வெறுங்கால்தான் இயற்கை என்று ஷூவை மூட்டை கட்டி வைப்பதும் சரியில்லை, ஷூ போடாமல் ஓர் அடிகூட எடுத்து வைக்கக் கூடாது என்பதும் சரியில்லை. வெறுங்கால் என்பதே பாதத்துக்கு ஒரு சுமை. கைக்கு எடை ஏற்றுவது போல அதையும் அளந்துதான் ஏற்ற வேண்டும். எவ்வளவு ஏற்றலாம் என்பது மூன்றைப் பொறுத்தது: பாதம் இப்போது எந்த நிலையில் இருக்கிறது, கால் தரையை என்ன செய்யப்போகிறது, தரை எப்படிப்பட்டது.

முதலில் பாதம்

சர்க்கரை நோய் இருந்து, பாதம் மரத்துப்போவதோ எரிவதோ ஊசி குத்துவது போல இருப்பதோ உண்டென்றால் வெறுங்கால் பயிற்சி வேண்டவே வேண்டாம். வீட்டுக்குள் நடப்பதற்கும் செருப்பு வேண்டும். இப்படி உணர்வு குறைந்தவர்களுக்குச் சின்னக் கல் குத்தினால் தெரியாது. தெரியாத காயம் புண்ணாகும். இரத்த ஓட்டமும் குறைவாக இருந்தால் அந்தப் புண் எளிதில் ஆறாது. ஷூ போடுமுன் உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்ப்பதும், கழற்றியபின் உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்ப்பதும் தினசரி வேலையாகட்டும்.

காலையில் படுக்கையிலிருந்து இறங்கி வைக்கும் முதல் சில அடிகளில் குதிகால் சுரீரென்று வலிக்கிறதா? உள்ளங்காலின் தசைப்பட்டையில் கோளாறு இருக்கலாம். அது தணியும்வரை கடினமான தரையில் வெறுங்காலோடு நெடுநேரம் நிற்காதீர்கள், குதிக்காதீர்கள். ஒரு பயிற்சி மட்டும் செய்யலாம்: படிக்கட்டின் விளிம்பில் நின்று, கால்விரல்களுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, குதிகாலை மூன்று வினாடியில் உயர்த்தி, இரண்டு வினாடி நிறுத்தி, மூன்று வினாடியில் இறக்க வேண்டும். ஒரு தடவைக்குப் பன்னிரண்டு, ஒருநாள் விட்டு ஒருநாள். இதற்கும் துண்டு விலகாதபடி ஷூ போட்டுக்கொள்வதே வசதி.

சேற்றுப்புண், மரு, ஆறாத வெட்டு இருப்பவர்கள் பொதுத் தரையில் காலை மூடிக்கொள்ள வேண்டும். இது உங்களுக்காக மட்டுமல்ல, அடுத்து அதே இடத்தில் கால் வைப்பவருக்காகவும்.

எடை தூக்கும்போது

டெட்லிஃப்டில் கம்பி தரையிலிருந்து இடுப்புவரை வர வேண்டும். மூன்று சென்டிமீட்டர் தடிமனான அடி உள்ள ஷூவைப் போட்டால் நீங்கள் மூன்று சென்டிமீட்டர் உயர்ந்துவிடுகிறீர்கள். கம்பி அதே இடத்தில்தான் கிடக்கிறது. அவ்வளவு கூடுதல் தூரம் இழுக்க வேண்டியிருக்கும். அதைவிட மோசமானது மெத்தென்ற அடி. ஓட்டத்துக்கான ஷூவின் நுரை, எடை ஏறியதும் ஒரு பக்கமாக அமுங்கும். கணுக்கால் உள்ளே சாயும், பின்னாலேயே முழங்காலும் சாயும். வெறுங்கால் அல்லது மெல்லிய, தட்டையான, அமுங்காத அடி உள்ள ஷூ, இந்த இரண்டில் ஒன்று போதும். போட்டிக்குப் போகிறவர்கள் கவனிக்க: சர்வதேச பவர்லிஃப்டிங் சம்மேளன விதிப்படி வெறுங்காலோடு மேடையேற முடியாது. அதனால்தான் பலர் டெட்லிஃப்ட் ஸ்லிப்பர் எனப்படும், பாதத்தை மூடும் மெல்லிய காலணியை அணிகிறார்கள். பயிற்சியிலும் அதையே அணிந்து பழகுங்கள்.

ஸ்குவாட், அதாவது எடையோடு உட்கார்ந்து எழும் பயிற்சி, ஆளுக்கு ஆள் மாறும். கணுக்கால் எவ்வளவு மடங்கும் என்று முதலில் பாருங்கள். சுவரைப் பார்த்து ஒரு காலை முன்னே வைத்து மண்டியிடுங்கள். அந்தக் காலின் குதிகால் தரையை விட்டு எழும்பாமல் முழங்காலால் சுவரைத் தொட வேண்டும். தொட முடிகிறவரை காலைப் பின்னுக்கு நகர்த்தி, கட்டைவிரல் நுனிக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். பத்து சென்டிமீட்டர் அல்லது அதற்கு மேல் வந்தால் வெறுங்கால் ஸ்குவாட் பெரும்பாலும் தடையின்றி வரும். ஏழுக்கும் கீழே என்றால் ஆழமாக இறங்கும்போது குதிகால் எழும்பும், அல்லது முதுகு முன்னே கவியும். இவர்களுக்குக் குதிகால் சுமார் இரண்டு சென்டிமீட்டர் உயர்ந்த, மரம்போல் கெட்டியான அடி உள்ள பளுதூக்கும் ஷூ உண்மையாகவே உதவும். கணுக்காலைத் தளர்த்தும் பயிற்சியை அதோடு சேர்த்துச் செய்துவந்தால் ஷூவையே நம்பியிருக்க வேண்டியதில்லை.

வெறுங்காலில் ஸ்குவாட் செய்வதன் பெரிய பலன், பாதத்தின் மூன்று புள்ளிகள் தெளிவாகத் தெரிவது: கட்டைவிரலின் அடிமூட்டு, சுண்டுவிரலின் அடிமூட்டு, குதிகால். எழும்போது இவற்றில் எது தரையை விட்டுவிடுகிறது என்று கவனியுங்கள். பலருக்கும் விடுவது கட்டைவிரல் பக்கம்தான்.

இருபது கிலோ தட்டு காலில் விழுந்தால் சாதாரண ஷூ காப்பாற்றாது. விரல் கம்பியில் இடிப்பதைத்தான் தடுக்கும். ஆகவே பாதுகாப்புக்காக ஷூ என்பதை ஜிம்மில் பெரிதாக நம்ப வேண்டாம். ஜிம்மின் விதி ஷூ கட்டாயம் என்றால் அதன்படி நடங்கள்.

குதித்தல், திரும்புதல், யோகா

யோகா, பிலாட்டிஸ் என்ற விரிப்புப் பயிற்சி, தற்காப்புக் கலைப் பயிற்சி எல்லாம் வெறுங்காலுக்கே உரியவை. சாக்ஸ் மட்டும் போட்டு வழவழப்பான தரையில் செய்வதுதான் எல்லாவற்றிலும் கெட்ட வழி: ஷூவின் பிடிப்பும் கிடைக்காது, தோலின் பிடிப்பும் கிடைக்காது.

ஸ்கிப்பிங், பர்ப்பீ (குனிந்து தரையில் கை ஊன்றி, கால்களைப் பின்னே நீட்டி, எழுந்து குதிப்பது), பெட்டி மேல் தாவுதல் ஆகியவற்றில் எண்ணிக்கைதான் முக்கியம். ரப்பர் விரிப்பின் மேல் இருபது, முப்பது தாவல் வெறுங்காலில் செய்யலாம், பாதம் பழகியிருந்தால். நூற்றுக்கணக்கில் போகும்போது பாதத்தின் சிறு தசைகள் களைத்து, வளைவு தாழ்ந்து, சுமை முன்பாத எலும்புகளுக்குப் போகிறது. அங்கே ஷூ வேண்டும்.

பேட்மிண்டன், கூடைப்பந்து போன்றவற்றுக்கு வெறுங்காலும் ஆகாது, ஓட்ட ஷூவும் ஆகாது. ஓட்ட ஷூ நேராகப் போவதற்குச் செய்தது. பக்கவாட்டில் உதைத்து நிற்கும்போது அதன் உயரமான அடி கவிழ்ந்து கணுக்கால் பிசகும். தாழ்ந்த அடியும் இறுக்கமான பக்கங்களும் உள்ள, அந்தந்த விளையாட்டுக்கான ஷூவையே வாங்குங்கள்.

ஓட்டம்

1960 ரோம் ஒலிம்பிக் மாரத்தானில் எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா வெறுங்காலோடு ஓடி 2 மணி 15 நிமிடம் 16 வினாடியில் வென்றார். 1964 டோக்கியோவில் அவரே ஷூ அணிந்து 2 மணி 12 நிமிடம் 11 வினாடியில் மறுபடியும் வென்றார். முதல் ஓட்டத்தை மட்டும் சொல்பவர்கள் இரண்டாவதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வெறுங்காலில் ஓடும்போது குதிகாலைக் குத்தி இறக்க முடியாது, வலிக்கும். அதனால் பாதத்தின் முன்பகுதியோ நடுப்பகுதியோ முதலில் தரையில் படுகிறது, ஒவ்வோர் அடியின் நீளமும் குறைகிறது. இதனால் முழங்காலுக்குப் போகும் சுமை குறைகிறது. ஆனால் அது மறைந்துவிடுவதில்லை; கெண்டைக்காலுக்கும் அதைக் குதிகாலோடு இணைக்கும் தசைநாணுக்கும் இடம் மாறுகிறது. முழங்காலின் முன்புறம் வலிக்கிறவருக்கு இது சாதகமாக இருக்கலாம். குதிகால் தசைநாண் ஏற்கெனவே வலிக்கிறவர் இதைத் தொடவே கூடாது.

பழகும் முறை இது. முதல் மூன்று வாரம் ஓட்டம் கிடையாது. வீட்டில் தினமும் இருபது நிமிடம் வெறுங்கால் நடை, ஒற்றைக் காலில் முப்பது வினாடி நிற்பது, குதிகால் உயர்த்தும் பயிற்சி. இவற்றோடு பாதத்தைச் சுருக்கும் பயிற்சி. நாற்காலியில் உட்கார்ந்து, பாதத்தை முழுதாகத் தரையில் பதித்து, விரல்களை மடக்காமல், கட்டைவிரலின் அடிமூட்டைக் குதிகாலை நோக்கி மெல்ல இழுங்கள். உள்வளைவு லேசாக எழும்பும். ஐந்து வினாடி பிடித்து விடுங்கள், பத்து முறை. எல்லோரும் செய்யும் பிழை, விரல்கள் கொக்கிபோல் மடங்கி நகம் தரையை அழுத்துவது. அப்போது வேலை செய்வது கெண்டைக்காலிலிருந்து வரும் நீளத் தசைகள். பாதத்துக்குள் உள்ள சிறு தசைகளுக்கு வேலையே இருக்காது. விரல்களை ஒருமுறை மேலே தூக்கி, விரித்து, லேசாகத் தரையில் வைத்துவிட்டு மறுபடி தொடங்கினால் சரியாக வரும்.

ஒற்றைக் காலில் குதிகாலை இருபது முறை முழு உயரத்துக்கு உயர்த்த முடிந்தால் ஓட்டம் தொடங்கலாம். வழக்கமாக ஓடும் தூரத்தை ஷூவோடு ஓடுங்கள். நீளமான ஓட்ட நாட்களை விட்டுவிட்டு, இலகுவான நாட்களின் முடிவில் ஷூவைக் கழற்றி, சுத்தமான புல்தரையில் 200 மீட்டர். வாரம் இரண்டு தடவை மட்டும். அடுத்து ஒவ்வொரு வாரமும் 200 மீட்டர் கூட்டுங்கள். கெண்டைக்கால் இரண்டு நாள் வலிப்பது சகஜம். பாதத்தின் மேற்புறத்தில், ஒரு விரலால் அழுத்திக் காட்டும்படி ஒரே இடத்தில் எலும்பு வலித்தால், அல்லது அங்கே வீங்கினால், அன்றே ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரிடம் காட்டுங்கள். அது எலும்பில் மெல்லிய விரிசல் தொடங்குவதாக இருக்கலாம். தசை சில வாரத்தில் பலப்படும், எலும்புக்கு மாதங்கள் வேண்டும். வேகமாகக் கூட்டுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இந்த இடைவெளியில்தான்.

தரை

புல் மெத்தென்று இருந்தாலும் கண்ணாடித் துண்டை மறைத்து வைத்திருக்கும். ஓடுமுன் அந்தப் பாதையை ஒருமுறை ஷூவோடு நடந்து பாருங்கள். இளகிய மணல் கெண்டைக்காலை வாட்டும், சரிவான கடற்கரை இடுப்பை ஒரு பக்கம் சாய்க்கும்; ஈரமாக இறுகிய, சமமான மணல்தான் நல்லது. வெயிலில் காய்ந்த தார்ச்சாலையில் புறங்கையை ஐந்து வினாடி வைக்க முடியாவிட்டால் காலையும் வைக்காதீர்கள். மனிதக் கழிவு கலந்த ஈர மண்ணில் கொக்கிப்புழுவின் குஞ்சுகள் பாதத்தின் தோல் வழியாகவே உடம்புக்குள் போகும். டெட்டனஸ் தடுப்பூசி காலாவதியாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஷூ வாங்கும்போது

மாலையில் போங்கள், நாள் முழுக்க நடந்தபின் பாதம் சற்று வீங்கியிருக்கும். நின்று பார்க்கும்போது நீளமான விரலுக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டராவது இடம் வேண்டும். முன்பகுதி விரல்களை நெருக்கினால் அளவு சரியாக இருந்தாலும் அந்த ஜோடி வேண்டாம். குதிகால் உள்ளே வழுக்கினால் கடைசித் துளையில் லேஸைச் சின்ன வளையமாகக் கோத்து, எதிர்ப்பக்க லேஸை அதற்குள் நுழைத்து இறுக்குங்கள். ஓட்ட ஷூ பொதுவாக 500 முதல் 800 கிலோமீட்டர்வரை தாங்கும். அடிப்பகுதி தேயாமல் இருந்தாலும் உள்நுரை செத்திருக்கலாம். மேஜைமேல் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்து நின்றால் மாற்றிவிடுங்கள்.

ஒரே நாளில் வெறுங்கால் பயிற்சியும் ஷூ பயிற்சியும் செய்வதாக இருந்தால், ஓட்டத்தின் முடிவில் வரும் அந்தப் புல்தரை ஓட்டம் தவிர, பாதம் களைக்குமுன் வெறுங்கால் பயிற்சியை முடித்து, காலைத் துடைத்து, விரலிடுக்கில் ஈரம் இல்லாமல் பார்த்து, அதன்பின் ஷூ போடுங்கள். நெடுந்தூரம் ஓட வேண்டிய நாளில் மட்டும் ஓட்டத்துக்கே முதலிடம். அன்று வெறுங்கால் பயிற்சி தேவையில்லை.