ஒளியை அணைத்தது இரும்பு இல்லை

ஒளிரும் பாலிமரின் ஒளி மங்குவதை வைத்துத் தண்ணீரில் உள்ள உலோக அயனிகளைக் கண்டுபிடிப்பது எங்கள் ஆய்வு. போன வாரம் ஒரு ஜூனியர் மாணவி வரைபடத்தோடு ஓடிவந்தார். "அக்கா, ஃபெரிக் குளோரைடு போட்டதும் ஒளி அப்படியே படுத்துடுச்சு. வேற எந்த உலோகத்துக்கும் இப்படி ஆகல!" எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இதே வரைபடத்தை வைத்துக்கொண்டு நான் எட்டு மாதம் குதித்திருக்கிறேன்.

இந்த ஆய்வில் நாம் செய்யும் தவறுகளில், க்யுவெட்டில் (கரைசலை ஊற்றி ஒளியை அளக்கும் சிறு குப்பி) கைரேகை படுவது, பிப்பெட் நுனியை மாற்ற மறப்பது எல்லாம் தானாகவே சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஒளி குறைந்தாலே க்வென்ச்சிங் (அயனி பாலிமரின் ஒளிர்வை அணைப்பது) என்று நம்புவது

ஒளிரும் கான்ஜுகேட்டட் பாலிமர்மேல் (ஒற்றை, இரட்டைப் பிணைப்புகள் மாறிமாறி வரும் நீண்ட சங்கிலி) நமக்கெல்லாம் ஒரு மயக்கம் உண்டு. சங்கிலியில் ஓரிடத்தில் அயனி ஒட்டினால் போதும், கிளர்வாற்றல் சங்கிலி வழியே ஓடிவந்து அங்கே அணைந்துவிடும் என்பது பாடம். ஸ்வாகரும் சோவும் 1995இல் பாராகுவாட் என்ற களைக்கொல்லியை வைத்து இந்தப் பெருக்கத்தைக் காட்டினார்கள். அதனால் ஒளி எவ்வளவு சரிந்தாலும் 'ஆகா, பெருக்கம்' என்று தோன்றுகிறது.

ஆனால் ஃபெரிக், அதாவது இரும்புக் கரைசல் மஞ்சள் நிறம். புற ஊதாவிலிருந்து நீல விளிம்பு வரை ஒளியை விழுங்கும். பாலிமரைக் கிளர்த்த நாம் அனுப்பும் 380 நானோமீட்டர் ஒளியும் அதற்குள்தான் வருகிறது. அந்த இடத்தில் இரும்பின் அப்சார்பன்ஸ் (ஒளியை விழுங்கும் அளவு) 0.6 என்றால், க்யுவெட்டின் நடுப்பகுதிக்குப் பாதி ஒளிதான் போய்ச்சேரும். பாலிமருக்கு எதுவுமே ஆகாமல் ஒளிர்வு பாதியாகும். இதுதான் உள்வடிகட்டி விளைவு. இப்படி வரும் 'தேர்வுத்திறன்' (ஓர் அயனியை மட்டும் இனங்காண்பது) இரும்பின் நிறத்துக்குச் சொந்தம், பாலிமருக்கு இல்லை.

அயனியின் செறிவு கூடக்கூட ஒளிர்வு எவ்வளவு குறைகிறது என்று காட்டும் என் ஸ்டெர்ன்-வோல்மர் கோடு மேல்நோக்கி வளைந்தது. நிலை (ஒட்டியிருந்து அணைப்பது), இயக்கம் (மோதி அணைப்பது) இரண்டு வகை க்வென்ச்சிங்கும் சேர்ந்து நடக்கிறது என்று இரண்டு பக்கம் விளக்கம் எழுதினேன்! மதிப்பீட்டாளர் ஒரே வரியில் கேட்டார்: "உள்வடிகட்டித் திருத்தம் செய்தீர்களா?" செய்தேன். வளைவு போனது. க்வென்ச்சிங்கும் ஏறக்குறைய கூடவே போனது.

திருத்தம் எளிது. கிளர்வு அலைநீளத்திலும் உமிழ்வு அலைநீளத்திலும் அப்சார்பன்ஸை அளந்து, கூட்டிப் பாதியாக்கி, 10இன் அடுக்காக்கி, அளந்த ஒளிர்வோடு பெருக்குங்கள். மொத்த அப்சார்பன்ஸ் 0.1க்குக் கீழே இருந்தால் இன்னும் நல்லது. கணக்கை நம்பாதவர்கள் இரும்புக் கரைசலைத் தனி க்யுவெட்டில் ஊற்றி, விளக்குக்கும் பாலிமருக்கும் நடுவில் வைத்துப் பாருங்கள். இரண்டும் தொட்டுக்கொள்ளவே இல்லை, ஆனாலும் ஒளி சரியும்.

அப்புறம், லைஃப்டைம் (கிளர்ந்த பாலிமர் ஒளியை உமிழ எடுக்கும் நேரம்) மாறவில்லை என்பதை மட்டும் வைத்து 'நிலை க்வென்ச்சிங்' என்று எழுதிவிடாதீர்கள். வடிகட்டி விளைவிலும் அது மாறாது.

பாஸ்பேட் பஃபர்

ஈயமும் இரும்பும் வீழ்படிவாகிவிடும். வேண்டாம்.

கொத்தாவதைப் பிணைப்பு என்று எண்ணுவது

கார்பாக்சிலேட், சல்ஃபோனேட் போன்ற எதிர்மின்சுமைக் கிளைகள் உள்ள பாலிமரில் பல மின்சுமை கொண்ட எந்த நேரயனியும் சங்கிலிகளைக் கொத்தாக்கலாம், ஒளியும் மங்கும். உமிழ்வு சிவப்புப் பக்கம் நகர்கிறதா, கரைசல் கலங்குகிறதா என்று பாருங்கள். அலுமினியம், கால்சியம் இரண்டையும் கட்டாயம் சோதியுங்கள்.

தனித்தனியாக மட்டும் சோதிப்பது

குழாய்த் தண்ணீரில் அயனிகள் வரிசையில் நின்று வருவதில்லை.

கண்ணாடிப் பாத்திரம்

ஒட்டியிருக்கும் உலோக அயனிகள் போக, நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் ஓர் இரவு ஊறட்டும்.

அந்த மாணவியிடம் இரண்டு க்யுவெட்டைக் கொடுத்து அனுப்பினேன். மாலையில் வந்து, "அக்கா, தொடாமலேயே ஒளி குறையுது" என்றார்.