கண்காணிப்பு கேமரா: வாங்கும்போதே நடந்துவிடும் தவறுகள்

திருட்டு நடந்த பிறகு பதிவை ஓட்டிப் பார்க்கிறார்கள். ஆள் வந்தது தெரிகிறது, எந்தப் பக்கம் போனான் என்பதும் தெரிகிறது. முகம் மட்டும் தெரியவில்லை. பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக உடைகிறது. கேமராவில் எந்தக் கோளாறும் இல்லை. அந்த இடத்துக்குப் பொருந்தாத கேமராவை மாட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். இப்படி ஏமாறுகிறவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் அதே காசில் சரியான கேமராவையே வாங்கியிருக்கலாம்.

கேமரா வாங்கப் போனதும் எல்லோரும் கேட்பது ‘எத்தனை மெகாபிக்சல்?’ என்றுதான். அதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. இந்த இடத்தில் எனக்கு என்ன தெரிய வேண்டும்? யாரோ நடமாடுகிறார்கள் என்று தெரிந்தால் போதுமா? வந்தவர் நமக்குத் தெரிந்த ஆளா என்று சொல்ல வேண்டுமா? முன்பின் பார்த்திராத ஒருவரை முகத்தை வைத்து அடையாளம் காட்ட வேண்டுமா? மூன்றுக்கும் தேவைப்படும் படம் வேறு வேறு. ஐஇசி 62676-4 என்ற சர்வதேசத் தரநிலை இதற்குக் கணக்கே கொடுத்திருக்கிறது. படத்தில் விழும் இடத்தின் அகலத்தில், மீட்டருக்கு 25 பிக்சல் இருந்தால் ஆள் இருப்பது தெரியும். 125 இருந்தால் தெரிந்தவரை இன்னார் என்று சொல்லலாம். தெரியாதவரை அடையாளம் காண 250 வேண்டும்.

இதை ஒரு வாசலுக்குப் போட்டுப் பார்ப்போம். கேமராவிலிருந்து 10 மீட்டர் தள்ளி கேட் இருக்கிறது. வீடுகளுக்குப் பெரும்பாலும் மாட்டப்படும் 2.8 மிமீ லென்ஸ் ஏறக்குறைய 105 டிகிரி விரித்துப் பார்க்கும். 10 மீட்டர் தூரத்தில் அது 26 மீட்டர் அகலத்தைப் படத்துக்குள் கொண்டுவருகிறது. 2 மெகாபிக்சல் கேமராவில் படத்தின் அகலம் 1920 பிக்சல். வகுத்தால் மீட்டருக்கு 74 வருகிறது. மனித முகத்தின் அகலம் சுமார் 16 சென்டிமீட்டர், அதாவது அந்தப் படத்தில் முகத்துக்குக் கிடைப்பது 12 பிக்சல். அதை வைத்து யாரையும் அடையாளம் சொல்ல முடியாது.

சரி, 8 மெகாபிக்சல் வாங்கினால்? அகலம் 3840 பிக்சல், மீட்டருக்கு 148. இன்னமும் 250-ஐத் தொடவில்லை. அதே 2 மெகாபிக்சல் கேமராவில் 8 மிமீ லென்ஸ் போட்டால் பார்வை சுமார் 40 டிகிரிக்குக் குறுகும். கேட் இருக்கும் தூரத்தில் படத்தின் அகலம் 7.3 மீட்டர்தான், எனவே மீட்டருக்கு 260-க்கு மேல் கிடைக்கிறது. விலை குறைந்த கேமரா முகத்தைக் காட்டுகிறது, விலை கூடியது காட்டவில்லை. லென்ஸைப் பற்றிக் கேட்காமல் மெகாபிக்சலை மட்டும் கேட்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு என்று நான் சொல்வது இதனால்தான். ‘ஒரே கேமராவில் முழு இடமும் கவர் ஆகிவிடும்’ என்று விற்பவர் சொன்னால், முகம் எத்தனை மீட்டர் வரை தெரியும் என்று திருப்பிக் கேளுங்கள். முழு இடத்தையும் பார்க்க அகலமான ஒன்று, ஆள் கட்டாயம் கடந்து போகும் வழியைப் பார்க்கக் குறுகலான ஒன்று என்று பிரித்து மாட்டுவது நல்லது. தூரம் பிடிபடவில்லை என்றால் 2.8 முதல் 12 மிமீ வரை மாற்றிக்கொள்ளும் வேரிஃபோகல் லென்ஸ் கை கொடுக்கும்.

அடுத்தது இரவு. விற்கும் இடத்தில் காட்டும் படம் நல்ல வெளிச்சத்தில் எடுத்தது, அதில் எல்லா கேமராவும் அழகாகத்தான் தெரியும். வெளிச்சத்தை வாங்கிப் படமாக்கும் சில்லுதான் சென்சார். சின்ன சென்சாரில் 8 மெகாபிக்சலைத் திணித்தால் ஒவ்வொரு பிக்சலுக்கும் கிடைக்கும் வெளிச்சம் குறைந்து, இரவில் படம் புள்ளி புள்ளியாகத் தெரியும். சென்சார் அளவைப் பாருங்கள். 1/2.8 அங்குலத்தைவிட 1/1.8 அங்குலம் பெரியது. லென்ஸின் துளை எவ்வளவு திறக்கும் என்பதைச் சொல்லும் எஃப் எண் குறையக் குறைய வெளிச்சம் கூடும், எஃப்2.0-வைவிட எஃப்1.0 நான்கு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். இருட்டில் பார்க்க கேமராவே பாய்ச்சும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு வெளிச்சம்தான் ஐஆர். பெட்டியில் ‘ஐஆர் 30 மீட்டர்’ என்று போட்டிருப்பதை நம்பி, 30 மீட்டரில் முகம் தெரியும் என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே ஏதோ அசைகிறது என்பது தெரியும் தூரம் அது. இருட்டில் சில கேமராக்கள் வெளிச்சம் போதாமல் ஷட்டரை மெதுவாக்கிக்கொள்ளும். நிற்கும் வண்டி பளிச்சென்று தெரியும், நடக்கும் ஆள் மட்டும் இழுபட்டுப் புகைபோல் ஆகிவிடுவான். வாசலில் ஒரு விளக்கை எரியவிடுவது இதற்கு நல்ல மருந்து.

வீட்டுக்குள் இருந்துகொண்டு ஜன்னல் கண்ணாடி வழியாக வெளியே பார்க்கும்படி கேமராவை வைக்கிறவர்களும் உண்டு. பகலில் சரியாகத்தான் இருக்கும். இரவானதும் ஐஆர் வெளிச்சம் கண்ணாடியில் பட்டுத் திரும்பி, படம் முழுக்க வெள்ளையாகிவிடும். கூரை விளிம்பையோ சுவரையோ ஒட்டி மாட்டினாலும் இதே கதைதான். சிலந்தி வலை கட்டினாலும் அப்படியே, அதனால் அவ்வப்போது துடைக்க வேண்டும். பகலில் தெருவெளிச்சம் பின்னாலிருந்து அடிக்கும் கடை வாசலில் உள்ளே வருகிறவர் வெறும் நிழலாகத் தெரிவார். அங்கே வெளிச்சமான பகுதியையும் இருண்ட பகுதியையும் ஒரே படத்தில் தெளிவாகக் காட்டும் டபிள்யூடிஆர் வசதி, 120 டெசிபல் அளவுக்கு நிஜமாகவே உள்ள கேமராதான் வேண்டும்.

உயரத்திலும் பலர் தவறு செய்கிறார்கள். யாரும் கை வைக்கக் கூடாது என்று இரண்டாவது மாடிக்குக் கீழே மாட்டினால் தொப்பியும் தலைமுடியும்தான் பதிவாகும். முகம் வேண்டிய இடத்தில் இரண்டரை, மூன்று மீட்டர் உயரம் போதும். கை எட்டிவிடுமே என்று பயமாக இருந்தால், அடி தாங்கும் ஐகே10 தரத்தில் டோம் கேமரா வாங்கலாம். வெளியில் மாட்டுவதற்கு, தூசியும் தண்ணீரும் புகாது என்பதைக் குறிக்கும் ஐபி66 அல்லது ஐபி67 தரம் இருக்க வேண்டும்.

ஹார்டு டிஸ்க்கை யாரும் கணக்குப் போட்டு வாங்குவதில்லை. ஒரு கேமரா நொடிக்கு 4 மெகாபிட் அனுப்பினால் ஒரு நாளைக்கு 43 ஜிபி ஆகும். நான்கு கேமரா என்றால் 173 ஜிபி. 1 டிபி டிஸ்க் ஆறு நாள்கூடத் தாங்காது, அதன்பின் பழையது அழிந்து அதன்மேலேயே புதியது பதியும். ஊருக்குப் போய்விட்டுப் பத்து நாள் கழித்துத் திரும்பினால், இரண்டாம் நாள் நடந்த திருட்டு பதிவில் இருக்காது. படத்தைச் சுருக்கிச் சேமிக்கும் எச்.265 முறையில் பதியும் ரெக்கார்டர், பழைய எச்.264 முறைக்கு ஆகும் இடத்தில் ஏறக்குறைய பாதியையே எடுக்கும். நொடிக்கு 15 ஃபிரேம் பெரும்பாலான இடங்களுக்குப் போதும். டிஸ்க், இரவு பகலாக எழுதுவதற்கென்றே தயாரிக்கப்பட்ட கண்காணிப்பு ரகமாக இருக்கட்டும்.

வயர் இழுக்கச் சோம்பல்பட்டு எல்லாவற்றையும் வைஃபையில் போடாதீர்கள். வைஃபை கேமராவுக்கும் பெரும்பாலும் மின்சார வயர் வேண்டும். பேட்டரி கேமரா அசைவைப் பார்த்த பிறகுதான் விழித்துக்கொள்ளும், முதல் ஓரிரு நொடிகள் தவறிப்போகலாம். ஒரே கேபிளில் மின்சாரமும் படமும் போகும் பிஓஇ முறை 100 மீட்டர் வரை நம்பிக்கையாக ஓடும். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவு கேபிள் வேண்டாம், முழுச் செம்பு கேபிளாகக் கேட்டு வாங்குங்கள். ரெக்கார்டருக்கும் ரௌட்டருக்கும் ஒரு யுபிஎஸ் வையுங்கள். ரெக்கார்டரை டிவிக்குக் கீழே வைத்தால் திருடன் அதையும் சேர்த்து எடுத்துப்போவான், எனவே பூட்டி வையுங்கள்.

பாஸ்வேர்டை மாற்றாமல் விடுவது வீட்டுக்குள் இருப்பவர்களையே ஆபத்தில் தள்ளும். 2016-இல் பரவிய மிராய் என்ற தீநிரல், கம்பெனி வைத்த பாஸ்வேர்டோடு அப்படியே விடப்பட்ட கேமராக்களையும் டிவிஆர் எனப்படும் ரெக்கார்டர்களையும் லட்சக்கணக்கில் கைப்பற்றியது. வாங்கும்போதே இந்தக் கம்பெனி மென்பொருள் அப்டேட் தொடர்ந்து தருகிறதா என்று விசாரியுங்கள். படுக்கையறையில் கேமரா வேண்டவே வேண்டாம். பக்கத்து வீட்டு ஜன்னல் படத்தில் விழுந்தால், அந்தப் பகுதியை மறைக்கும் பிரைவசி மாஸ்க் வசதியைப் பயன்படுத்துங்கள். அது அவர்களுக்கு நாம் தர வேண்டிய மரியாதை.

மாட்டிவிட்டுப் போகிறவருக்கு உடனே முழுப் பணத்தையும் கொடுத்துவிடாமல், இருட்டும்வரை பொறுத்திருங்கள். வீட்டில் ஒருவரை கேட்டிலிருந்து நடந்து வரச் சொல்லுங்கள். லைவாகப் பார்க்காமல், பதிவானதை எடுத்து நிறுத்திப் பாருங்கள், முகம் தெரிகிறதா என்று. படத்தின் மூலையில் உள்ள தேதியும் நேரமும் சரியா என்று பாருங்கள். அப்புறம் அந்தத் துண்டைப் பென் டிரைவில் எடுத்து வேறொரு கம்ப்யூட்டரில் ஓட்டுங்கள். சில ரெக்கார்டர்கள் தங்களுக்கே உரிய ஃபார்மட்டில்தான் பதிவைத் தரும், அதற்கான பிளேயரையும் அதே பென் டிரைவில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.