சர்வீஸ் பிஸ்டல் முதலில் எங்கே உடையும்: தேய்மானம் பார்க்கும் முறை

ராணுவ வகை செமி-ஆட்டோமேட்டிக் பிஸ்டலின் எல்லா பாகமும் ஒரே வேகத்தில் தேய்வதில்லை. ஸ்ப்ரிங், பின், எக்ஸ்ட்ராக்டர் (சுட்ட தோட்டாவின் காலி உறையான கேஸை வெளியே இழுக்கும் கொக்கி), லாக்கிங் பிளாக் (குழலும் ஸ்லைடும் பூட்டிக்கொள்ள உதவும் கட்டை) இவையெல்லாம் தேய்வதற்கென்றே இருப்பவை, கழற்றி மாற்றிவிடலாம். ஃபிரேமும் (கைப்பிடியுள்ள உடற்பகுதி) ஸ்லைடும் (அதன்மேல் முன்பின் ஓடும் பகுதி) அப்படியல்ல, அவை போனால் பிஸ்டலே போனது. சைக்கிளில் பிரேக் கட்டையை மாற்றாமல் விட்டால் அது ரிம்மைத் தின்னத் தொடங்கும். இங்கும் அதே கணக்குதான்: மலிவான ஸ்ப்ரிங்கைத் தள்ளிப்போட்டால் அடி முழுக்க ஃபிரேமுக்குப் போகும். கடந்த நூறு ஆண்டுகளில் வந்த வடிவமைப்பு மாற்றங்களில் பல, உடைவை மாற்ற முடியாத பாகத்திலிருந்து மாற்றக்கூடிய பாகத்துக்கு நகர்த்தும் முயற்சி என்றே சொல்லலாம். ஆகவே கையில் இருப்பது எந்த மாடல், எந்தக் கால உற்பத்தி என்று தெரியாமல் சோதனையைத் தொடங்குவதில் பயனில்லை.

தொடங்கும் முன்: மேசை இருக்கும் அறையில் ஒரு தோட்டாகூட இருக்கக்கூடாது. குழல் வாய் பாதுகாப்பான திசையில் இருக்கட்டும். முதலில் மேகசினை எடுங்கள், பிறகு ஸ்லைடை இழுத்துப் பூட்டுங்கள். சேம்பரை, அதாவது குழலில் தோட்டா உட்காரும் இடத்தை, கண்ணால் பாருங்கள், விரலாலும் தொட்டுப் பாருங்கள். வரிசை மாறி ஸ்லைடை முதலில் இழுத்தால், மேகசினிலிருந்து அடுத்த தோட்டா உள்ளே ஏறிவிடும். கிளாக் போன்றவற்றில் கழற்றுவதற்கே ட்ரிகரை அழுத்த வேண்டியிருப்பதால், சேம்பரை இரண்டு முறை பாருங்கள்.

பின்னே போன ஸ்லைடைத் திரும்ப முன்னே தள்ளும் ரீகாயில் ஸ்ப்ரிங்கிலிருந்து ஆரம்பியுங்கள். பெரெட்டா 92, சிக் பி226 ஆகியவற்றுக்கு 5,000 ரவுண்டுக்கு ஒருமுறை மாற்றுவது வழக்கம். 1911 என்ற மாடலின் .45 முழு அளவுப் பிஸ்டலுக்கு 16 பவுண்டு ஸ்ப்ரிங்கை 2,000 முதல் 3,000 ரவுண்டில் மாற்றுவார்கள். பழையதையும் புதியதையும் பக்கத்தில் நிறுத்தி நீளத்தை ஒப்பிடுங்கள்; சுருங்கியதை இழுத்து நீட்டித் திரும்பப் போடும் வேலை வேண்டாம். காலி கேஸ் வழக்கத்தைவிடத் தொலைவில் போய் விழுவதும், ஃபிரேமில் ஸ்லைடு வந்து மோதும் இடத்தில் உலோகம் பிதுங்கியிருப்பதும் ஸ்ப்ரிங் தளர்ந்ததற்கான அடையாளங்கள். கிளாக்கில் இன்னொரு எளிய சோதனை உண்டு. காலியான பிஸ்டலைக் குழல் மேல்நோக்க 45 டிகிரி சாய்த்துப் பிடித்து, ட்ரிகரை அழுத்தியபடியே ஸ்லைடைப் பின்னே இழுத்து மெல்ல விடுங்கள். தானாக முழுதும் மூட வேண்டும். பாதியில் நின்றால் ஸ்ப்ரிங் முடிந்தது.

அதற்காக வலுவான ஸ்ப்ரிங்காகப் போட்டால் ஆயுள் கூடும் என்று நினைக்க வேண்டாம். பின்னால் விழும் அடி குறையும், முன்னால் மூடும் அடி கூடும். ஸ்லைடைப் பின்னே நிறுத்தும் ஸ்லைடு ஸ்டாப்பும் பேரலின் (குழலின்) அடிப்பகுதியும் அதை வாங்கும். சிஇசட் 75-இல் ஸ்லைடு ஸ்டாப் உடைவது ஏற்கெனவே பழக்கமான கதை.

இனி பூட்டும் அமைப்பு. நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான்.

பெரெட்டா 92-இல் பேரல் சாய்வதில்லை. வால்தர் பி38-இல் இருந்து வந்த முறைப்படி, பேரலுக்குக் கீழே தொங்கும் லாக்கிங் பிளாக்கின் இரு இறக்கைகள் ஸ்லைடைப் பிடித்துக்கொள்கின்றன. ஒவ்வொரு சுடலிலும் சுமை முழுவதும் அந்த இறக்கைகளின் வேரில்தான். பழைய பிளாக்குகளில் அந்த மூலை கூர்மையாக இருந்தது. கூர்மூலையில் அழுத்தம் குவிந்து விரிசல் அங்கேயே பிறக்கும். பின்னாளில் வந்தவற்றில் மூலைகளை வளைவாக்கினார்கள், ஆயுள் கூடியது. 5,000 ரவுண்டுக்கு ஒருமுறை பேரலைக் கழற்றி, பிளாக்கைத் துடைத்து, விளக்கைச் சாய்வாகப் பிடித்து 10 மடங்கு லென்ஸில் இறக்கை வேர்களைப் பாருங்கள். பஞ்சுக்குச்சியால் தடவினால், விரிசல் இருக்கும் இடத்தில் நூல் சிக்கும். இறக்கை முறிந்தால் ஸ்லைடு பெரும்பாலும் பாதியில் இறுகி நின்றுவிடும். அதை அடித்துத் திறந்து மேலும் சுடுபவர்கள்தான் ஃபிரேமைக் கெடுக்கிறார்கள்.

பிளாக்கைத் தொடர்ந்து ஸ்லைடு. அமெரிக்கப் படைகள் 1985-இல் எம்9 என்ற பெயரில் பெரெட்டாவை ஏற்ற சில ஆண்டுகளிலேயே ஸ்லைடுகள் முறிந்து, பின்பாதி சுடுபவரின் முகத்தை நோக்கி வந்த சம்பவங்கள் நடந்தன. உலோகமா, அதிக அழுத்தத் தோட்டாவா என்று பெரிய வாதமே நடந்தது. விளைவாக வந்ததுதான் 92எஃப்எஸ்: ஹேமர் பின்னின் தலையைப் பெரிதாக்கி, ஸ்லைடின் அடியில் அதற்கொரு பள்ளம் வெட்டினார்கள். ஸ்லைடு முறிந்தாலும் பின்பாதி அங்கே தடுக்கப்படும். கவனியுங்கள், இது முறிவைத் தடுக்கும் மாற்றமல்ல, முறிந்த பிறகு காக்கும் மாற்றம். ஆகவே எஃப்எஸ் என்பதற்காகச் சோதனையைத் தவிர்க்கக்கூடாது. லாக்கிங் பிளாக் பொருந்தும் பள்ளத்தில் ஸ்லைடின் சுவர் மெலிந்திருக்கும். இருபுறமும், உள்ளேயும் வெளியேயும் பாருங்கள். அதே இடத்தைத் தடித்துச் செய்ததுதான் பிரிகேடியர் ஸ்லைடு.

அலுமினிய ஃபிரேமில் கறுப்பு அனோடைசிங் பூச்சு போய், ஸ்லைடு ஓடும் ரெயிலில் வெள்ளி தெரிந்தால் பதற வேண்டாம், அது பயன்பாட்டுத் தழும்பு. விரல் நகத்தில் தட்டும் படிக்கட்டு போன்ற தேய்மானம் வேறு விஷயம். பிளாக் வந்து மோதும் இடத்தில் மயிரிழைக் கோடு தெரிந்தாலும் அப்படித்தான். இரண்டும் ஆர்மரர் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) பார்க்க வேண்டியவை. பி38-இன் அலுமினிய வடிவமான பி1-இல் அந்த மோதல் இடத்தில்தான் பின்னர் ஆறுகோண எஃகு ஆணி ஒன்றைக் குறுக்கே வைத்தார்கள். ஆணி இல்லாத பி1 கிடைத்தால், முதலில் அங்கே பாருங்கள்.

பேரல் சாயும் வகைகளில் கதை வேறு. 1911-இல் பேரலைக் கீழே இறக்கிப் பூட்டைத் திறப்பது ஒரு சிறு ஊசல் லிங்க். 1935-இன் பிரௌனிங் ஹை-பவர் பிஸ்டல் அதை நீக்கி, பேரலோடு ஒன்றான கேம் (பேரலைக் கீழே இழுக்கும் சரிவு) வைத்தது. உடையக்கூடிய ஒரு பாகம் குறைந்தது. சிக், கிளாக் ஆகியவை பேரலின் மேல் வரிப்பற்களையே விட்டுவிட்டு, சேம்பரின் சதுர முதுகை, காலி கேஸ் வெளியேறும் எஜெக்ஷன் துவாரத்திலேயே பூட்டின. எனவே 1911, ஹை-பவரில் பற்களின் விளிம்பு உருண்டிருக்கிறதா என்றும், சிக், கிளாக்கில் அந்தச் சதுரத்தின் முன்விளிம்பு நசுங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய பி226-இன் ஸ்லைடு மடித்த எஃகுத் தகடு. உள்ளே, தோட்டாவின் பின்புறத்தைத் தாங்கும் பிரீச் பிளாக்கைச் சுருள் பின்கள் பிடித்திருக்கும். அந்தப் பின்கள் வெளியே நகர்ந்திருந்தால் உடனே மாற்ற வேண்டும். 90-களில் மில்லிங் செய்த ஸ்டெயின்லெஸ் ஸ்லைடு வந்ததும் இந்தக் கவலை போயிற்று.

கிளாக்கின் மூன்றாம் தலைமுறையில் லாக்கிங் பிளாக்கைப் பிடிக்க, ட்ரிகர் பின்னுக்கு மேலே கூடுதல் பின் ஒன்று வந்தது. 2010-இன் நான்காம் தலைமுறைக்கு இரட்டை ரீகாயில் ஸ்ப்ரிங். ஆனால் தொடக்கத்தில் வந்த அந்தத் தொகுப்பை 2011-இல் நிறுவனமே இலவசமாக மாற்றித் தர வேண்டியதாயிற்று. புதிய மாற்றம் என்றாலே முன்னேற்றம் என்று எடுத்துக்கொள்ள முடியாததற்கு இது போதும்.

எக்ஸ்ட்ராக்டர் பற்றிச் சுருக்கமாக: 1911-இல் தோட்டாவை நேராகச் சேம்பரில் போட்டு ஸ்லைடை விடாதீர்கள். அடியிலிருந்து வழுக்கி ஏறும் விளிம்பைப் பிடிக்கவே அந்தக் கொக்கி செய்யப்பட்டது. மேலேறித் தாவ வைத்தால் முனை சில்லாகப் போகும்.

மேகசினை யாரும் பாகமாகவே மதிப்பதில்லை. ஈராக்கில் எம்9 சரியாக ஊட்டாமல் நின்றதற்கு முக்கியக் காரணம் பிஸ்டலல்ல, சொரசொரப்பான பாஸ்பேட் பூச்சுள்ள மேகசின்களில் மணல் சிக்கியதுதான். வழுவழுப்பான பூச்சுக்கு மாறியதும் நிலைமை தேறியது. மேகசினின் உள்ளே எண்ணெய் விடாதீர்கள், உலர்வாகத் துடைத்தால் போதும். கடைசி ரவுண்டுக்குப் பிறகு ஸ்லைடு பூட்டாமல் மூடிக்கொண்டால், அந்த மேகசின் ஸ்ப்ரிங்கை மாற்றுங்கள்.

சந்தேகமான கோட்டைத் தீர்க்க சாயச் சோதனை செய்யலாம். எஃகு, அலுமினியம் இரண்டிலும் இது வேலை செய்யும்; காந்தத்தூள் சோதனை எஃகுக்கு மட்டும்தான். பாகத்தை முழுக்க எண்ணெய் நீக்கிக் காயவிட்டு, சிவப்புச் சாயத்தைப் பூசிக் குறைந்தது 10 நிமிடம் விடுங்கள். பிறகு துடைப்பான் திரவத்தைத் துணியில் நனைத்துத் துடையுங்கள். நேராகப் பாகத்தின்மேல் அடித்தால் விரிசலுக்குள் போன சாயமும் கழுவப்பட்டு, கெட்ட பாகம் நல்லதாகத் தெரியும். மேலே வெள்ளை டெவலப்பரை மெல்லியதாகத் தெளித்தால், விரிசல் இருக்கும் இடத்தில் சிவப்புக் கோடு ஊறி வரும். கீறலும் சற்றே சிவக்கும், ஆனால் அது தேங்கி நிற்கும். விரிசலில் கோடு நிமிடத்துக்கு நிமிடம் அகலமாகும்.

புதிய லாக்கிங் பிளாக் போட்டால், தோட்டா இல்லாமல் கையால் சில முறை இழுத்து, ஸ்லைடு முழுதும் மூடுகிறதா என்று பாருங்கள். ஐம்பது ரவுண்டு சுட்ட பிறகு திரும்பக் கழற்றி இரு இறக்கைகளிலும் பளபளத்த தடத்தை ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் பளபளத்தால் சுமை முழுவதையும் அந்த இறக்கையே தாங்குகிறது என்று பொருள். பிளாக்கைக் கழற்றி வேறொன்று பொருத்திப் பாருங்கள், அதுவும் அப்படியே தடம் காட்டினால் ஸ்லைடின் பள்ளத்தை ஆர்மரரிடம் அளக்கச் சொல்லுங்கள்.