வட தாய்லாந்து மலையூர்க் கடைகளில் சாப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாய், மே ஹாங் சோன், மே சலோங் போன்ற வட தாய்லாந்து மலையூர்களில் சின்னக் கடைகள்தான் அதிகம். நான்கைந்து மேசை, ஒன்றிரண்டு வாணலி, சமைக்க ஒருவர், பரிமாற ஒருவர், அவ்வளவுதான். இங்கே சுற்றுலாப் பயணிகள் மாட்டிக்கொள்வதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்: எதை மாற்றித் தரச் சொல்லலாம், எதை மாற்றவே முடியாது என்று தெரியாமல் ஆர்டர் செய்வது.

ஆர்டர் வந்தபின் வாணலியிலோ உரலிலோ செய்து தருவது ஒரு வகை. துளசி போட்டு இறைச்சியை வதக்கும் பட் கிரபாவ், கீரை வதக்கல், ஆம்லெட், பப்பாளிக்காயை இடித்துச் செய்யும் சோம் தம் எல்லாம் இதில் சேரும். காலையிலேயே விழுது அரைத்துப் பானையில் கொதிக்கவைத்து, கேட்கும்போது மொண்டு ஊற்றுவது இன்னொரு வகை. தேங்காய்ப்பால் குழம்பு நூடுல்ஸான காவ் சோய், பன்றி எலும்புக் குழம்பு நூடுல்ஸான நாம் ஙியாவ், பன்றிக்கறிக் குழம்பான கேங் ஹாங் லே இந்தப் பக்கம். முதல் வகையில் காரத்தைக் குறைக்கலாம், ஒரு பொருளை விடச் சொல்லலாம். இரண்டாவதில் "காரம் வேண்டாம்" என்றால் கடைக்காரர் சிரித்துத் தலையாட்டுவார். கிண்ணத்தில் வருவது அதே குழம்புதான்.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு இந்த வித்தியாசம் ரொம்ப முக்கியம். "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் கறித்துண்டுகள் இருக்காது. மீன் சாறு, சிப்பிச் சாறு, இறால் விழுது எல்லாம் இருக்கும். கீரை வதக்கலில்கூடச் சிப்பிச் சாறு சேர்ப்பது வழக்கம். அது உடனே செய்வது என்பதால் "மாய் சாய் நாம் ப்ளா, மாய் சாய் நாம் மன் ஹோய்" என்று சொன்னால் போதும். மீன் சாறும் சிப்பிச் சாறும் இல்லாமல் சோயா சாற்றில் செய்து தருவார்கள். சுட்ட பச்சைமிளகாய்த் துவையலான நாம் பிரிக் நும் பார்க்க முழுச் சைவம் மாதிரி இருக்கும். அதில் மீன் சாறோ புளிக்கவைத்த மீனோ இறால் விழுதோ கலந்திருப்பது சாதாரணம், பக்கத்தில் பன்றித்தோல் வறுவலும் வரும். கொஞ்சமும் சந்தேகம் வேண்டாம் என்றால் மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தில் "ஜே" என்று போட்டிருக்கும் கடைக்குப் போங்கள். அந்தத் தாய் எழுத்து 17 என்ற எண்ணைப் போலவே தெரியும். அங்கே முட்டை, பால், பூண்டு, வெங்காயம்கூட இருக்காது. மாட்டிறைச்சி தவிர்ப்பவர்கள் "நுவா" என்ற சொல்லையும், பன்றி தவிர்ப்பவர்கள் "மூ" என்ற சொல்லையும் காதில் போட்டுக்கொள்ள வேண்டும். நாம் ஙியாவ் நூடுல்ஸில் கறுப்பாக மிதக்கும் கட்டிகள் உறையவைத்த ரத்தம். எடுத்துவிட்டுச் சாப்பிடலாம் என்று நினைக்காதீர்கள், குழம்பே பன்றி எலும்பில் வெந்தது. வேர்க்கடலை வேண்டாதவர்களுக்குச் சோம் தமில் கடலையை விடச் சொல்ல வழி உண்டு. ஹாங் லேயில் அது குழம்போடு சேர்ந்தே வெந்திருக்கும், தவிர்ப்பதே நல்லது.

காரம் பழகிய நாக்கு என்ற தைரியத்தில் சோம் தமுக்கு "தாய் காரம்" கேட்பது அடுத்த தவறு. சமைத்த மிளகாயின் காரம் வேறு, பச்சையாக உரலில் நசுக்கி எலுமிச்சைச் சாற்றோடு வரும் ஊசிமிளகாயின் காரம் வேறு. கொஞ்சம் காரம், நடுத்தரக் காரம் என்றெல்லாம் சொல்வதைவிட மிளகாயை எண்ணிச் சொல்வது பாதுகாப்பு. "பிரிக் மெட் தியாவ்" என்றால் ஒரே ஒரு மிளகாய். முதல் தட்டுக்கு அது போதும். எரிந்தால் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்காதீர்கள். மிளகாயில் எரிச்சல் தரும் பொருள் தண்ணீரில் கரையாது, வாய் முழுக்கப் பரவத்தான் செய்யும். ஒட்டரிசி ஒரு கவளம், தட்டோரத்தில் வைக்கும் முட்டைக்கோஸ், வெள்ளரி, தேங்காய்ப்பால் சேர்ந்த ஏதாவது ஒன்று என்று சாப்பிட்டால் சீக்கிரம் அடங்கும்.

காவ் சோய் சாப்பிடும் முறையில்தான் பலர் சுவையைக் கோட்டை விடுகிறார்கள். தேங்காய்ப்பால் குழம்பில் முட்டை நூடுல்ஸ், மேலே பொரித்த நூடுல்ஸ், கூடவே ஒரு சின்னத் தட்டு. அந்தத் தட்டில் கடுகுக்கீரை ஊறுகாய், பச்சைச் சின்ன வெங்காயம், எலுமிச்சைத் துண்டு இருக்கும். எண்ணெயில் வறுத்த மிளகாய் விழுது அதிலோ மேசையிலோ இருக்கும். இதை அலங்காரம் என்று ஒதுக்கிவிட்டுக் கிண்ணத்தை மட்டும் காலி செய்தால் பாதியில் திகட்டிவிடும். முதலில் ஒரு கரண்டி குழம்பைச் சும்மா ருசி பாருங்கள். பிறகு எலுமிச்சையைப் பிழிந்து, ஊறுகாயும் வெங்காயமும் போட்டு அடியிலிருந்து கிளறுங்கள். மிளகாய் விழுது அரை டீஸ்பூனுக்கு மேல் முதலிலேயே வேண்டாம். பொரித்த நூடுல்ஸ் சில நிமிடங்களில் நமத்துவிடும், படம் எடுக்கும் வேலையைச் சுருக்கமாக முடியுங்கள். இன்னொன்று, நல்ல காவ் சோய்க் கடைகள் பல பகல் கடைகள். பானை காலியானால் மூடிவிடுவார்கள். ராத்திரி எட்டு மணிக்குத் தேடினால் எல்லாமும் செய்யும் சுற்றுலாக் கடையின் காவ் சோய்தான் கிடைக்கும்.

லாப் விஷயத்தில் மட்டும் அலட்சியம் கூடாது. வடக்கில் இந்தக் கொத்திறைச்சியைப் பச்சையாக, ரத்தம் கலந்தும் சாப்பிடுவார்கள். பச்சைப் பன்றி இறைச்சியிலிருந்து வரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சூயிஸ் என்ற பாக்டீரியாத் தொற்று மூளைச்சவ்வு அழற்சி வரை போகும், காதுகேளாமலும் செய்துவிடும். "சுக்" என்றால் வெந்தது, "டிப்" என்றால் பச்சை. "லாப் குவா" என்று கேட்டால் வாணலியில் வதக்கியது வரும்.

நான்கு பேர் போய் ஆளுக்கொரு தட்டு சொல்வதும் சரிவராது. வாணலி ஒன்றிரண்டுதான் என்பதால் முதல் தட்டுக்கும் நாலாவது தட்டுக்கும் நடுவே நிறைய நேரம் ஓடும். எல்லோருக்கும் வரட்டும் என்று காத்திருந்தால் முதல் தட்டு ஆறிவிடும். ஒரு குழம்பு, ஒரு வதக்கல், ஒரு சாலட் அல்லது துவையல், ஓர் ஆம்லெட், சோறு தனியாக. எல்லாம் மேசை நடுவில், வந்தது வந்தபடி சாப்பிடலாம். சோற்றுக்கு வலது கையில் ஸ்பூன், இடது கையில் ஃபோர்க். ஃபோர்க் தள்ளுவதற்கு மட்டும். சாப்ஸ்டிக்ஸ் கிண்ண நூடுல்ஸுக்குத்தான். மூங்கில் கூடையில் வரும் ஒட்டரிசியைக் கையால் உருட்டித் தொட்டுச் சாப்பிடுங்கள். ஒவ்வொரு முறையும் கூடையை மூடிவிடுங்கள், இல்லையென்றால் மேல்பரப்பு காய்ந்து விறைத்துவிடும்.

கடலோர இறால், நண்டு வகைகளை இவ்வளவு தூரம் மலையேறி வந்து கேட்பானேன்? மே சலோங்கில் யுன்னான் சீன வழிவந்தவர்கள் செய்யும் பன்றிக்கால் குழம்பும் ஆவியில் வெந்த மாண்டோ பன்னும், மே ஹாங் சோனில் ஷான் இன மக்களின் சமையலும் அந்தந்த ஊருக்கே உரியவை.

பணத்துக்குச் சில்லறை நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். காலை நேரத்தில் ஆயிரம் பாட் நோட்டை நீட்டினால் கடைக்காரர் பக்கத்துக் கடைக்கு ஓட வேண்டியிருக்கும். டிப்ஸ் கட்டாயம் இல்லை.

பாயிலிருந்து சியாங் மாய் திரும்பும் 1095ஆம் எண் சாலையில் 762 வளைவுகள் என்று அங்கே டி-ஷர்ட்டிலேயே அச்சடித்து விற்கிறார்கள். சுமார் மூன்று மணி நேரப் பயணம். வேனில் ஏறுவதற்குச் சற்று முன்னால் தேங்காய்ப்பால் குழம்பை வயிறு நிறையச் சாப்பிடாதீர்கள். இஞ்சி தூவிய அரிசிக் கஞ்சியான ஜோக் ஒரு சின்னக் கிண்ணம் போதும். அதையும் ஒரு மணி நேரம் முன்பே முடித்துவிடுங்கள்.