ஓடி முடித்த பிறகும் ஒளிந்திருக்கும் பிழைகள்: மருந்து ஆய்வுத் தரவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவை, ஈரோடு, நாமக்கல் பக்கக் கல்லூரிகளில் புள்ளியியலோ பி.பார்மோ முடித்துவிட்டு, மருந்து ஆய்வுத் தரவைக் கையாளும் புரோகிராமர் வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். சரவணம்பட்டி அலுவலகத்தில் இருந்தாலும், கோபியில் வீட்டில் உட்கார்ந்து செய்தாலும் வேலை ஒன்றுதான். மருத்துவமனைகளில் இருந்து வரும் தரவை சாஸ் (SAS) அல்லது ஆர் (R) என்ற புள்ளியியல் கணினி மொழியில் ஒழுங்குபடுத்தி, அட்டவணையாகவும் வரைபடமாகவும் ஆக்கிக் கொடுக்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் ஒரு மருந்தை நோயாளிக்குக் கொடுக்கலாமா கூடாதா என்று முடிவெடுக்கிறார்கள். புரோகிராம் பாதியில் நின்றுபோனால் பயமில்லை, பிழை தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். நல்லபடியாக ஓடி, அழகான அட்டவணையையும் தந்துவிட்டு, உள்ளே தவறான எண்ணை வைத்திருக்கும் பிழைக்குத்தான் நான் அஞ்சுகிறேன்.

அமெரிக்க மருத்துவ இதழான ஜாமாவில் 2018இல் ஓர் ஆய்வு வந்தது. நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ள 240 பேரில் ஒரு பாதியினருக்கு, வீடு திரும்பும்போது கூடுதல் உதவியும் பயிற்சியும் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் அந்த நோய்க்காக அவசர சிகிச்சையோ மருத்துவமனைச் சேர்க்கையோ தேவைப்பட்டது அவர்களுக்குச் சராசரியாக 0.72 முறை, மற்றவர்களுக்கு 1.40 முறை என்றது கட்டுரை. குழுவைக் குறிக்கும் 1, 2 என்ற எண்களை 0, 1 என்று மாற்றிய இடத்தில் இரு குழுக்களும் இடம் மாறியிருந்தன. உதவி பெற்றவர்களுக்குத்தான் 1.40. 2019இல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. மருந்து ஆய்வு இல்லை என்றாலும் நம் கையில் நடக்கக்கூடிய தவறு இதுதான். ஒரு மாறியின் குறியீட்டை மாற்றினால், பழைய மதிப்பையும் புதிய மதிப்பையும் குறுக்கு அட்டவணை போட்டு உடனே பாருங்கள். பிறகு, யாருக்கு எந்தக் குழு என்று குலுக்கலில் ஒதுக்கிய மூலப்பட்டியலை எடுத்து, சில நோயாளிகளை நேரடியாக ஒப்பிட்டுப் பாருங்கள். சில நிமிட வேலை.

தரவு உள்ளே வரும் வாசலிலேயே பாதித் தவறுகள் நுழைந்துவிடுகின்றன. நம் ஊர் லேப் ரிப்போர்ட்டில் பிளேட்லெட் ‘2.1 லட்சம்’ என்று இருக்கும். பன்னாட்டு ஆய்வின் தரவுத்தளமோ லிட்டருக்கு எத்தனை நூறு கோடி என்று கேட்கும். அங்கே 210 என்று போக வேண்டியது 2.1 என்று போனால், நல்ல உடம்போடு இருப்பவர் உயிருக்கு ஆபத்தான நிலையில் இருப்பதாக ஆகிவிடும். எண் அபத்தமாகத் தெரிவதால் இதை யாராவது பிடித்துவிடுவார்கள். ஆனாலும், பகுப்பாய்வைத் தொடங்கும் முன் ஒவ்வொரு பரிசோதனை மதிப்பையும் மருத்துவமனை வாரியாகப் பிரித்து ஒரு வரைபடம் போட்டுப் பார்க்கும் பழக்கம் வேண்டும். அலகு மாறிய மருத்துவமனை தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும்.

தேதிகளில் வரும் தவறு அப்படி அபத்தமாகத் தெரியாது. 03/04/2024 என்பது நமக்கு ஏப்ரல் 3, அமெரிக்கருக்கு மார்ச் 4. இரண்டும் சரியான தேதிகள் என்பதால் கணினி வாய் திறக்காது. 2024-04-03 என்ற பன்னாட்டு வடிவத்தைத் தவிர வேறெதையும் நம்பாதீர்கள். அரைகுறைத் தேதிகள் இன்னும் சிக்கலானவை. ‘பங்குனியில் தலைசுற்றல் ஆரம்பித்தது’ என்கிறார் நோயாளி. பங்குனி, மார்ச் பாதியில் தொடங்கி ஏப்ரல் பாதி வரை போகும் மாதம். அது எப்படியோ ‘2024-04’ என்று பதிவாகிறது. நாள் இல்லையே என்று புரோகிராமர் ஏப்ரல் 1 என நிரப்புகிறார். அந்த நோயாளிக்கு முதல் டோஸ் கொடுத்தது ஏப்ரல் 3. அவ்வளவுதான், அந்தத் தலைசுற்றல் மருந்துக்கு முன்பே இருந்ததாகிவிடும், பக்கவிளைவு அட்டவணையில் இருந்தே மறைந்துவிடும். நாள் தெரியாதபோது எப்படி நிரப்புவது என்ற விதி புள்ளியியல் பகுப்பாய்வுத் திட்டத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். பதிவான தேதியை அழிக்காமல், நிரப்பிய தேதியைத் தனி நெடுவரிசையில், நிரப்பப்பட்டது என்ற அடையாளத்தோடு வையுங்கள். ஆய்வு நாள் கணக்கில் பூஜ்யம் கிடையாது என்பதையும் மறக்க வேண்டாம்: முதல் டோஸ் நாள் 1, அதற்கு முந்தைய நாள் -1.

சாஸில், விடுபட்ட எண் எல்லா எண்களையும் விடச் சிறியதாகக் கருதப்படும். ‘ஹீமோகுளோபின் 8க்குக் கீழ் இருப்பவர்கள்’ என்று வெறுமனே எழுதினால், ரத்தப் பரிசோதனையே செய்யாதவர்களும் கடும் ரத்தசோகைக்காரர்களாக எண்ணப்படுவார்கள். ஆர் மொழியில் அதே நிபந்தனைக்கு ஆம் என்றோ இல்லை என்றோ பதில் வராது, விடுபட்டது என்றே வரும். ஒன்றில் எழுதியதை வரிக்கு வரி மற்றொன்றுக்கு மாற்றுபவர்கள் இங்கே தவறாமல் விழுகிறார்கள். 2.5ஐ முழு எண்ணாக்கச் சொன்னால் சாஸ் 3 தரும், ஆர் 2 தரும். நிகழ்வு நேரும் வேகத்தைக் குழுக்களுக்கு இடையே ஒப்பிடும் காக்ஸ் மாதிரியில் ஒரே நாளில் பலருக்கு நிகழ்வு நேர்ந்தால், நாம் எதுவும் சொல்லாதபோது சாஸ் பிரெஸ்லோ முறையை எடுக்கிறது, ஆர் எஃப்ரான் முறையை எடுக்கிறது. எந்த முறை என்று புரோகிராமில் வெளிப்படையாக எழுதிவிடுங்கள்.

எண்ணும் வேலையில் ஒன்றே ஒன்றைச் சொல்கிறேன். ஒருவருக்கு மூன்று முறை தலைவலி வந்தால், தலைவலி வந்தவர்களின் எண்ணிக்கையில் அவர் ஒருவர்தான்.

வரைபடத்துக்கு வருவோம். மாதக்கணக்கில் நடந்த ஆய்வில் பலர் பார்ப்பது இந்த ஒரு பக்கத்தை மட்டும்தான். நிகழ்வு நேராமல் இருப்பவர்களின் விகிதம் காலப்போக்கில் குறைவதைக் காட்டும் கப்லான்–மேயர் கோட்டின் கீழே, ஒவ்வொரு காலத்திலும் இன்னும் எத்தனை பேர் கண்காணிப்பில் இருக்கிறார்கள் என்ற வரிசை இல்லாவிட்டால் அந்தப் படத்தை அனுப்பாதீர்கள். நூறு பேரில் தொடங்கிய கோடு கடைசியில் மூன்று பேரை நம்பி நிற்கலாம். அந்த வால் பகுதியில் இரு கோடுகள் விலகுவதைப் பார்த்து மகிழ்வது தவறு. வாரம் 0, 1, 2, 4, 12, 24 என்று நடந்த விசிட்களைச் சம இடைவெளியில் போட்டால், மருந்து ஒரே சீராக வேலை செய்ததைப் போலத் தோன்றும். கால அளவுக்கு ஏற்றபடி அச்சை அமைத்தால் வேறு கதை தெரியும். சராசரிக் கோட்டில் இன்னொரு பொறி உண்டு. குணமாகாதவர்கள் பாதியில் விலகிப்போனால், மிஞ்சியவர்களின் சராசரி தானாகவே நன்றாகிவிடும். ஒவ்வொரு புள்ளிக்கும் கீழே எத்தனை பேர் என்று எழுதுங்கள். ஒரு குழுவின் ஆபத்து மற்றதைப் போல எத்தனை மடங்கு என்று சொல்லும் இடர் விகிதங்களை மடக்கை (log) அளவுகோலில் வரையுங்கள். 0.5உம் 2உம் 1இல் இருந்து ஒரே தூரத்தில் நிற்பது அதில்தான். புள்ளியின் மேலும் கீழும் நீளும் பிழைக்கோடு திட்ட விலக்கமா, திட்டப் பிழையா, நம்பக இடைவெளியா என்று அடிக்குறிப்பில் சொல்லுங்கள். சிவப்பு, பச்சை இரண்டை மட்டும் வைத்துக் குழுக்களைப் பிரிக்காதீர்கள்.

கடைசியாகச் சரிபார்ப்பு. திருப்பூர் பனியன் கம்பெனியில் தைத்தவரே செக்கிங் பார்ப்பதில்லை. இங்கும் முக்கியமான அட்டவணையை இரண்டாவது புரோகிராமர் தனியாக எழுதி ஒப்பிடுவது வழக்கம். நேரம் நெருக்கும்போது முதல் ஆளின் புரோகிராமை வாங்கிப் பெயர்களை மட்டும் மாற்றி ஓட்டுவது நடக்கிறது, அதற்குச் சரிபார்ப்பு என்று பெயர் வைக்க முடியாது. ஒப்பிடும் சாஸ் கட்டளை ‘வேறுபாடு எதுவும் இல்லை’ என்று கடைசி வரியில் சொன்னாலும், மேலே போய் இரண்டு கோப்பிலும் வரிசைகளும் மாறிகளும் ஒரே எண்ணிக்கையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு கோப்பில் மட்டும் இருந்து, மற்றதில் இல்லாத மாறியை அந்தக் கட்டளை ஒப்பிடுவதில்லை. இன்னொன்று, இருவருமே தவறான ஒரே குறிப்பை வைத்து எழுதியிருந்தால் இருவரின் விடையும் அச்சு மாறாமல் பொருந்தும். ஆகவே இரண்டாவது ஆள் ஆய்வு நெறிமுறையையும் பகுப்பாய்வுத் திட்டத்தையும் தானே படித்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். படிக்கும்போது எழும் சந்தேகத்தைப் புள்ளியியலாளரிடம் எழுத்தில் கேளுங்கள். யாருக்கு எந்த மருந்து என்பது வெளியாவதற்கு முன்பே கேளுங்கள். முடிவு எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்த பிறகு வரும் பதிலை எந்த ஆய்வாளரும் முழுதாக நம்பமாட்டார்.