வெள்ளாமைக் காசில் ஒரு இலக்கை எட்டுவது எப்படி?

மாதச் சம்பளத்தை வைத்துப் போட்ட சேமிப்புத் திட்டம் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் பலருக்குச் சரிவராது. பெரும்போக வெட்டு மாசி, பங்குனியில். சிறுபோகம் ஆவணி, புரட்டாதியில். மானாவாரி வயற்காரருக்கு வருடத்தில் ஒரு தடவைதான் காசு. ஆகவே காசு கைக்கு வரும் நாளிலிருந்து கணக்கைத் தொடங்குவோம்.

படி 1: தொகையும் திகதியும்

"மகளுக்கு வீடு" என்று மட்டும் நினைத்திருந்தால் அது வருடக்கணக்காக அப்படியே கிடக்கும். துண்டு துண்டாகப் பிரியுங்கள். இந்த வருடம் அத்திவாரம் மட்டும். மேசனிடம் நிலத்தைக் காட்டி மதிப்பீடு கேளுங்கள். 300,000 ரூபா என்று வைப்போம். ஐப்பசி மழை இறங்கினால் அத்திவாரக் கிடங்கில் தண்ணீர் நிற்கும். எனவே கெடு செப்டெம்பர் நடுப்பகுதி.

படி 2: முதலில் கழிக்க வேண்டியது

நெல் விற்ற அன்றே அடுத்த போகத்துக்கான விதைநெல், உழவு, உரம், வெட்டு மெசின் கூலி எல்லாவற்றையும் தனியே எடுத்து வையுங்கள். இதைச் செய்யாவிட்டால் விதைப்பு நேரத்தில் நகை அடகுக்குப் போகும்.

அடுத்தது வட்டிக் கடன். 100,000 ரூபாக் கடனுக்கு வருட வட்டி 24 வீதமென்றால் 24,000 போகிறது. அதே தொகையை 8 வீத வைப்பில் போட்டால் வருவது 8,000. கடனை வைத்துக்கொண்டு சேமிப்பவருக்கு வருடம் 16,000 நட்டம். நுண்கடன் வாரத் தவணை இருந்தால் அதை முடித்துவிட்டுத்தான் இலக்குக்கு வரவேண்டும். ஆத்திர அவசரத்துக்கு ஒரு மாத வீட்டுச் செலவையும் ஒதுக்குங்கள். காய்ச்சல் வந்தாலும் இலக்குக் காசில் கை வைக்க வேண்டி வராது.

படி 3: பிரித்துப் போடுதல்

பெரும்போகத்தில் 120,000, சிறுபோகத்தில் 80,000. மிச்சம் 100,000. அதை மார்ச் தொடக்கத்திலிருந்து 28 வாரத்துக்குப் பிரித்தால் வாரம் சுமார் 3,600. கூலி வேலையோ தையலோ கோழி வளர்ப்போ, வாரக் காசு வரும் வழியிலிருந்து இது வரவேண்டும். அவ்வளவு முடியாதென்றால் கெடுவைத் தள்ளுங்கள், அல்லது அத்திவாரத்தின் அளவைக் குறையுங்கள். சாப்பாட்டுச் செலவை நெருக்கிப் போட்ட கணக்கு இரண்டு மாதம்கூட நிற்காது.

படி 4: கைக்கெட்டாமல் வைத்தல்

ஏரிஎம் அட்டை எடுக்காத தனிச் சேமிப்புக் கணக்கு போதும். பெரும்போகக் காசை ஆறு மாத நிலையான வைப்பில் போடலாம். முதிர்வுத் திகதி உங்கள் கெடுவுக்கு முன்னே வரவேண்டும், இடையில் முறித்தால் வட்டி குறையும். வீட்டில் சம்பளக்காரர் இருந்தால் சம்பளம் விழும் மறுநாளுக்கு வங்கியில் ஸ்டாண்டிங் ஓடர் (மாதாமாதம் காசைத் தானாகச் சேமிப்புக் கணக்குக்கு மாற்றும் கட்டளை) கொடுத்துவிடுங்கள்.

சீட்டு நல்ல பழக்கந்தான், வாராவாரம் கட்டவைக்கும். ஆனால் குலுக்கல் சீட்டில் எப்போது விழும் என்பது உங்கள் கையில் இல்லை. ஏலத்தில் கழிவு கூறி எடுக்கும் கழிவுச் சீட்டை முந்தி எடுத்தால், கூறிய கழிவு கைக்கு வரும் தொகையில் குறையும். ஓகஸ்ட் முறையைத் தரமுடியுமா என்று சேரும்போதே பேசுங்கள். வங்கி வைப்புக்கு ஒருவருக்கு ஒரு வங்கியில் 1,100,000 ரூபா வரை வைப்புக் காப்புறுதி உண்டு, சீட்டுக்கு இல்லை.

படி 5: தவறினால்

சாமத்திய வீடு, கோயில் திருவிழா, பள்ளிக்கூடச் செலவு என்று மூன்று வாரம் விட்டுப் போகலாம். அடுத்த வாரமே மும்மடங்கு கட்டப் பார்க்காதீர்கள். பலர் கைவிடுவது அங்கேதான். பத்தாவது வார முடிவில் 25,200 சேர்ந்திருந்தால் மிச்சம் 74,800. அதை 18 வாரத்தால் பிரியுங்கள்: வாரம் ஏறக்குறைய 4,160. கொப்பியில் பழைய எண்ணை வெட்டிப் புதியதை எழுதுங்கள்.

விலையேற்றத்துக்கு மதிப்பீட்டோடு பத்து வீதம் கூட்டி வைப்பது நல்லது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம், அப்படி ஒரு வருடத்துக்கு எந்தக் கணக்கும் நிற்காது. அதனால் கொஞ்சம் காசு சேர்ந்ததும் கருங்கல்லை வாங்கி வளவில் இறக்கிவிடலாம், அது கெட்டுப்போகாது. கம்பி கடற்காற்றில் கறள் பிடிக்கும், மூடித்தான் வைக்கவேண்டும். சீமெந்தை மட்டும் வேலை தொடங்கும் கிழமையில் வாங்குங்கள். மாதக்கணக்கில் கிடந்தால் ஈரம் ஏறிப் பையோடு கட்டியாகிவிடும்.